மால்ட் உடைக்கும் இரட்டை உருளை மில்: தேர்வு, பொருத்தல், இடைவெளி

வீட்டில் பீர் தயாரிப்பதற்கு, கடையில் உடைத்துத் தரும் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) வாங்குவதை விட்டுவிட்டு, முழு மணியாக மூட்டையில் எடுப்பது என்று முடிவுசெய்த பிறகுதான் எனக்கு மில் தேவைப்பட்டது. மெல்போர்னில் நான் வாங்கும் கடையில் 25 கிலோ மூட்டை, அதே மால்ட்டைக் கிலோக்கணக்கில் வாங்குவதைவிடக் கணிசமாக விலை குறைவு. காற்றுப் புகாத வாளியில் வைத்தால் முழு மணி ஓராண்டு வரை கெடாமல் இருக்கும். உடைத்த மால்ட் சில வாரங்களிலேயே ஈரத்தை இழுத்துக்கொண்டு மணம் மங்கிவிடும். ஆனால் விலையையும் சேமிப்பையும்விட என்னை மில்லின் பக்கம் தள்ளியது, உடைப்பில் இருந்த சீரின்மைதான். ஒரு முறை நொய்யும் மாவுமாக வரும். மறுமுறை முழு மணிகள் அப்படியே கிடக்கும். மால்ட், தண்ணீர், வெப்பநிலை எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்திருந்தும் மால்ட்டிலிருந்து வடிக்கும் இனிப்பு நீரின் அடர்த்தி ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால், செய்முறையில் எதைத் திருத்துவது என்றே தெரியாது. (ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு பீர் தயாரிக்கத் தடையில்லை. வீட்டில் சாராயம் காய்ச்சி வடிப்பதற்கு அந்த அனுமதி கிடையாது.)

மில் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பீருக்கான மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. வெளியே உமி, உள்ளே எளிதில் நொறுங்கும் மாவுச்சத்து. உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், மணிக்குள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இந்தக் கட்டத்துக்கு மேஷ் என்றும், அதிலிருந்து வடித்தெடுக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்றும் பெயர். மாவுச்சத்து சிறு துகள்களாக இருந்தால் தண்ணீர் விரைவாக உள்ளே செல்லும், சர்க்கரையும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வோர்ட்டை வடிக்கும்போது வடிகட்டியாக இருப்பதே உமிப் படுகைதான்; உமி தூளாகிவிட்டால் தொட்டியின் அடியில் களி போல் இறுகி, குழாயைத் திறந்தாலும் சொட்டு இறங்காது. ஆகவே உள்ளிருப்பது குருணையாக வேண்டும், உமியோ முடிந்தவரை முழுதாக இருக்க வேண்டும். திரிகையில் உளுந்தை உடைத்துத் தோலைப் பிரிக்கிற வேலைக்குத்தான் இது நெருக்கமானது. இட்லிக்கு அரைக்கிற வேலைக்கு இதனோடு உறவில்லை.

இந்தக் காரணத்தால் மிக்ஸி முதலிலேயே விலகிவிடுகிறது. அதன் கத்தி மணியை வெட்டுகிறது, உமியையும் சேர்த்தே வெட்டுகிறது. முழு மணியும் மாவும் ஒரே ஜாரில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். அடுத்தது, கொலம்பியாவில் சோளம் அரைப்பதற்கென்று உருவான கொரோனா வகைக் கை மில். இரண்டு பல் தட்டுகள் எதிரெதிராக உராயும் இந்த மில் மிக மலிவு என்பதால் பல நாடுகளில் வீட்டு பீர்க்காரர்களின் முதல் மில்லாக இருந்திருக்கிறது. தட்டுகளுக்கு இடையிலான தூரத்தை ஒரு திருகால் மட்டும் அமைப்பதாலும், தட்டு சுழலும்போது சற்றுத் தள்ளாடுவதாலும், உமி கிழிவதைத் தவிர்ப்பது கடினம். மால்ட்டைத் துணிப் பையில் போட்டு மேஷ் செய்து, பையையே தூக்கி வடித்துவிடும் முறையில் இது பெரிய குறையல்ல. ஆஸ்திரேலியாவில் பரவிய அந்தப் பை முறையில் உமிப் படுகை தேவைப்படுவதில்லை. வடிகட்டும் வேலையைத் துணி செய்துவிடும். பை முறை மட்டும் செய்பவர், பணம் இறுக்கமாக இருந்தால், தயங்காமல் கொரோனா வாங்கலாம் என்பேன்.

இத்தாலியின் மார்கா மில் மூன்று உருளைகள் கொண்ட சிறு கருவி. வீட்டில் ஓட்ஸ் தட்டுவதற்கென்று வடிவமைத்தது. மால்ட்டையும் உடைக்கும், ஆனால் மணியைக் கொட்டும் புனல் போன்ற ஹாப்பர் சிறியது, ஐந்தாறு கிலோவுக்கு நின்று நின்று நிரப்ப வேண்டும். பீருக்கென்றே தயாரித்த மில்களில் தேர்வு இரண்டு உருளையா மூன்று உருளையா என்பதுதான். மூன்று உருளை மில்லில் மணி முதலில் அகலமான இடைவெளியில் நசுங்கி, பிறகு குறுகிய இடைவெளியில் உடைகிறது. உமி கூடுதலாகத் தப்பிக்கும் என்பது உண்மை. என் கருத்தில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் பீர் என்ற அளவுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயப்படவில்லை. அதே பணத்தை உருளையின் விட்டத்திலும் பேரிங்கிலும் செலவிடுவது மேல். விட்டம் பெரிதாக இருந்தால் உருளைகள் மணியைப் பிடித்து உள்ளே இழுக்கும் கோணம் இலகுவாகிறது, 32 மி.மீ. உருளை வழுக்கவிடும் மணியை 38 மி.மீ. உருளை இழுத்துக்கொள்ளும், 50 மி.மீ. இன்னும் எளிதாக. உலோக உருளையின் மேற்பரப்பில் கடைசல் பட்டறையில் நர்லிங் செய்த சொரசொரப்பு கூர்மையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. மழுங்கியிருந்தால் மணி உருளைமேல் ஆடிக்கொண்டே நிற்கும்.

நான் எடுத்தது 38 மி.மீ. விட்டமுள்ள இரு உருளைகள், பால் பேரிங், 10 மி.மீ. ஷாஃப்ட், சுமார் மூன்று கிலோ கொள்ளும் தகர ஹாப்பர் ஆகியவற்றைக் கொண்ட மில். ஒரு உருளை ஷாஃப்ட்டோடு சுழலும். மற்றொன்றுக்கு விசை கிடையாது, நடுவில் சிக்கும் மணிகளின் உராய்வால் தானே சுழல வேண்டும். இந்த இரண்டாவது உருளையின் இரு முனைகளும் மையம் விலகிய வளையங்களில் உட்கார்ந்திருக்கின்றன. வளையத்தைத் திருப்பினால் உருளை நெருங்கும் அல்லது விலகும்.

அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் துண்டை பன்னிங்ஸ் என்ற வன்பொருள் கடையில் வெட்டி வாங்கினேன். நடுவில் உருளையின் நீளத்துக்கு ஒரு திறப்பு அறுத்து, பலகையின் அடியில் வாளியின் விளிம்புக்குள் சரியாக உட்காரும்படி நான்கு மரக்கட்டைகளைத் திருகியதால், மில் ஓடும்போது பலகை வாளியின் மேல் நகர்வதில்லை. இந்தக் கட்டைகள் இல்லாவிட்டால் டிரில்லின் முறுக்கு பலகையையே சுழற்றிவிடும். டிரில்லைப் பிடிக்கும் கைக்கும் ஓய்வு கிடைக்கட்டும் என்று, அதன் கைப்பிடி சாய்ந்து நிற்க ஒரு செங்குத்துக் கட்டையும் பலகையில் வைத்தேன். புதிய மில்லில் பூசியிருக்கும் துருத்தடுப்பு எண்ணெயைத் துணியால் நன்கு துடைத்து, அரைக் கிலோ பழைய மால்ட்டை ஓட்டி அதைக் குப்பையில் போட்ட பிறகே முதல் உண்மையான மால்ட் உள்ளே போனது.

சுழல் வேகம் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை; படவேண்டும். 38 மி.மீ. உருளைக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று போதும். அதைத் தாண்டினால் மணி நசுங்குவதற்குப் பதில் அடிபட்டுச் சிதறும், உமியும் கிழியும். ஒரே கியர் உள்ள மின்கம்பி டிரில்லின் விசையைப் பாதி அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அப்போது முறுக்குவிசை குறைந்து, உள்ளே சுருள் சூடாகி, ஐந்து கிலோ முடிவதற்குள் எரிந்த வாடை வரும். இரண்டு கியர் கொண்ட டிரில்லைக் குறைந்த கியரில் வைத்து ஓட்டுவதே சரி. என்னுடையது அந்தக் கியரில் அதிகபட்சம் 500 சுற்று, அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் வைக்கிறேன். உருளைகள் சுழலத் தொடங்கிய பிறகே மால்ட் அவற்றின் மேல் விழ வேண்டும். நிறைந்த ஹாப்பரோடு ஓட்டத் தொடங்கினால் டிரில் திணறும். என் மில்லில் அடைப்புத் தகடு இல்லாததால், ஹாப்பரின் அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிவைத்து, சுழற்சி தொடங்கியதும் உருவிவிடுகிறேன்.

இனி இடைவெளி. மில்லின் குமிழில் பொறித்திருக்கும் அளவுகளை நம்பக்கூடாது என்பதே நான் முதலில் சொல்வது. குமிழ் இரு பக்கமும் ஒரே கோட்டில் இருந்தும், ஃபீலர் கேஜால் அளந்தபோது ஒரு முனை மற்றதைவிட 0.15 மி.மீ. அகலமாக இருந்தது. மோட்டார் சைக்கிள் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படும் அதே தகட்டுக் கட்டுதான் இந்தக் கேஜ். பெரும்பாலான கட்டுகளில் ஒற்றைத் தகடு ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடுவதால், 1.2 வேண்டுமானால் 0.7-ஐயும் 0.5-ஐயும் ஒன்றாகச் சேர்த்துச் செருக வேண்டும். தகடு நர்லிங்கின் மேடுகளைத் தொட்டபடி லேசான இழுப்போடு நகர வேண்டும். இடது முனை, நடு, வலது முனை மூன்றிலும் அதே இழுப்பு வேண்டும். கேஜ் இல்லாதவர்கள் வங்கி அட்டையைச் செருகிப் பார்ப்பதுண்டு. அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. என்பது உலகம் முழுவதும் ஒரே அளவு என்பதால் அது மோசமான வழியல்ல, ஆனால் அந்த ஒரே ஒரு அளவைத்தான் அது காட்டும். வளையங்களைப் பூட்டும் கைத்திருகு அதிர்வில் மெல்லத் தளர்ந்து, வாளி நிறையும்போது இடைவெளி மாறியிருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு அறுகோணத் தலை போல்ட் போட்டு ஸ்பேனரால் இறுக்கிய பிறகு அளவு நிலைத்து நிற்கிறது.

எந்த அளவு என்பதற்கு ஒற்றை விடை இல்லை. கதிரில் இரு வரிசையாக மணி பிடிக்கும் இருவரிசைப் பார்லியின் நல்ல மணி 2.5 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கும், 1.0 முதல் 1.3 வரை என்பதே பெரும்பாலான மில்கள் தொடங்கும் இடம். அங்கிருந்து, தன் தொட்டி எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்து இறங்க வேண்டும். நான் இரண்டு முறைகளிலும் தயாரிக்கிறேன்: இங்கே எஸ்கி என்று சொல்லும் ஐஸ் பெட்டிக்குள் துளையிட்ட தட்டு வைத்த மேஷ் தொட்டி ஒன்று, பை முறைக்கான பாத்திரம் ஒன்று. இரண்டிலும் ஐந்து கிலோ பேல் மால்ட் (வெளிர் நிற அடிப்படை மால்ட்), 21 லிட்டர் வோர்ட் என்று கணக்கை நிலைப்படுத்திக்கொண்டு இடைவெளியை மட்டும் மாற்றினேன். ஒரு கிலோ பேல் மால்ட் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 300 அடர்த்திப் புள்ளிகள் தரக்கூடியது. ஐந்து கிலோவின் 1500 புள்ளிகளை 21 லிட்டரால் வகுத்தால் 71 வரும். அதாவது எதுவும் வீணாகாவிட்டால், அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் 1.071 காட்ட வேண்டும்.

எஸ்கியில் 1.2 மி.மீ. இடைவெளி 1.048 தந்தது. 67 விழுக்காட்டுத் திறன், வோர்ட் தடையின்றி ஓடியது. 1.0 மி.மீ.க்கு இறக்கியதும் 1.051-ஐத் தாண்டி 72 விழுக்காடு ஆனது. ஓட்டம் சற்று மெதுவானாலும் குழாயைக் கால் பங்கு திறந்தால் சிக்கலில்லை. 0.8-இல் தட்டின் மேல் மாவு படிந்து வடிகால் நின்றுவிட்டது, கரண்டியால் கிளறிவிட்டு முதலிலிருந்து வடிக்க வேண்டியிருந்தது. அதே 0.8 பை முறையில் எந்தத் தொல்லையும் இன்றி 1.053 தந்தது, பையைத் தூக்கிப் பிழிய மட்டும் கூடுதல் நேரம் ஆனது. ஆகவே என் வீட்டில் எஸ்கிக்கு 1.0, பைக்கு 0.8. வேறொருவரின் தட்டில் துளைகள் சிறியதாகவோ தொட்டி ஆழமாகவோ இருந்தால் அவருக்கு 1.2-தான் எல்லையாக இருக்கலாம்.

ஹைட்ரோமீட்டரைப் பார்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் அரைக் கிலோ விழுந்ததுமே கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். முழு மணி ஒன்றும் தென்படக்கூடாது. இரு கைகளில் ஏந்தி ஊதினால் பறக்கும் உமியில் பெரும்பாலானவை நீளவாக்கில் பிளந்து, உள்ளே வெறுமையாக, மணியின் உருவத்தை இழக்காமல் இருக்க வேண்டும். உமியோடு கெட்டியான வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தால் உடைப்பு போதவில்லை. நூறு கிராம் எடுத்துச் சமையலறைச் சல்லடைகளில் சலித்தும் பார்த்தேன்: 1.0 மி.மீ. உடைப்பில் மாவுச் சல்லடை வழியே இறங்கியது பத்து கிராமுக்குச் சற்று மேல், மீதியெல்லாம் குருணையும் உமியும், 0.8-இல் மாவு அதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உமி கிழிந்தால் பீர் துவர்க்கும் என்ற அச்சம் பரவலாக உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். துவர்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது உமியைக் கழுவும் நீரின் வெப்பமும் அமிலநிலையும். அந்த நீர் 77 டிகிரியைத் தாண்டாமலும், மேஷின் பி.ஹெச். 5.8-க்கு மேல் ஏறாமலும் பார்த்துக்கொண்டால் பையில் நன்றாக நொறுக்கிய மால்ட்டிலிருந்துகூட என் நாக்குக்குத் துவர்ப்பு தெரியவில்லை.

எஸ்கிக்காரர்களுக்கு என்று ஒரு நுட்பம் இருக்கிறது. செலவில்லாதது, பலன் பெரியது. உடைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால், மால்ட்டின் எடையில் இரண்டு விழுக்காடு தண்ணீரை அதன்மேல் தெளித்துப் பிசறிவைப்பதுதான் அது. ஐந்து கிலோவுக்கு 100 மில்லி. செடிக்குத் தெளிக்கும் புதிய ஸ்பிரே பாட்டிலால் சிறிது தெளிப்பதும் கையால் புரட்டுவதுமாக மூன்று நான்கு தவணையில் செய்தால் ஈரம் சமமாகப் பரவுகிறது. உலர்ந்த மால்ட்டின் ஈரப்பதம் நான்கைந்து விழுக்காடுதான். அந்நிலையில் உமி சருகு போல் நொறுங்கும். தெளித்த ஈரத்தை உமி மட்டும் குடித்துத் தோல் போல் வளையத் தொடங்கும். உள்ளே மாவுச்சத்து உலர்ந்தபடியே இருக்கும். இப்படி உடைத்த மால்ட் வாளியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிக இடம் பிடிக்கிறது, ஏனெனில் உமி முழுதாக நின்று படுகையை உப்பவைக்கிறது. இந்த முறையில் எஸ்கியில் 0.9 வரை இறங்க முடிந்தது, தூசியும் பாதிக்குமேல் குறைந்தது. தண்ணீர் கூடினால் மட்டும் உருளையில் மாவு பசையாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஒரு பிடி உலர்ந்த மால்ட்டை ஓட்டினால் அது சுத்தமாகிவிடும்.

கோதுமை மால்ட்டுக்கு இதே அளவு பொருந்தாது. கோதுமைக்கு உமி இல்லை, மணி சிறியது, கடினமானது, 1.0-இல் அதன் பாதி உடையாமல் தப்பிவிடும். கோதுமையைத் தனியாக 0.7-இல் ஓட்டி, பிறகு பார்லியோடு கலக்கிறேன். ரை தானியத்தின் மணி இன்னும் மெலிந்தது என்பதால் அதற்கும் அதே 0.7, சில சமயம் அதற்கும் கீழே. தட்டிய ஓட்ஸுக்கு மில்லே வேண்டாம். பாதிக்குப் பாதி கோதுமை போடும்போது படுகைக்கு உமி போதாமல் போவதால், பீர்ப் பொருள் விற்கும் கடைகளில் அதற்கென்றே நெல் உமியைப் பைகளில் விற்கிறார்கள். அரிசி ஆலைக்குப் பின்னால் குன்றாகக் கொட்டிக் கிடக்கும் பொருளைக் கிலோக்கணக்கில் விலை கொடுத்து வாங்குவது முதலில் மனம் ஒப்பாத காரியம். அதை அலசி, 20 லிட்டருக்குக் கால் கிலோ சேர்த்தால் கோதுமை மேஷ் மடமடவென்று வடிகிறது.

ஓட்டத்தில் அடிக்கடி வரும் தொல்லை, விசையில்லாத உருளை நின்றுபோவது. டிரில் சுழலும், ஓர் உருளை சுழலும், மால்ட் மட்டும் இறங்காது. உருளையின் முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் உமித் துண்டு புகுந்து இறுகியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். மின்சாரத்தைத் துண்டித்து, டிரில்லைக் கழற்றிவிட்டு, உருளையைக் கையால் பின்னோக்கிச் சுற்றித் தூரிகையால் தட்டினால் வெளியே வந்துவிடும். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தாலும் இதே நிலை ஏற்படும். அப்போது முதலில் 1.3-இல் ஒரு தடவையும் பிறகு தேவையான அளவில் இன்னொரு தடவையும் ஓட்டலாம். சிலர் ஒரு முனையில் இரு உருளைகளையும் தொடும்படி ரப்பர் வளையம் மாட்டி இரண்டாவது உருளையையும் கட்டாயமாகச் சுழலவைக்கிறார்கள். பேரிங் அல்லாமல் வெண்கல புஷ் உள்ள மில்லாக இருந்தால் உணவுக்கு உகந்த எண்ணெய் ஒரு சொட்டு அவ்வப்போது வேண்டும். தண்ணீரில் கழுவுவது மட்டும் எந்த மில்லுக்கும் ஆகாது. சாதாரண எஃகு உருளை ஒரே இரவில் துருப்பிடிக்கும். உலர்ந்த தூரிகை போதும்.

மால்ட் தூசியில் லாக்டோபேசிலஸ் எனும், பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா இயல்பாகவே இருக்கிறது. ஆகவே உடைக்கும் இடமும் நொதிக்கும் இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது. நான் கராஜின் கதவுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி, முகக்கவசத்தோடு உடைக்கிறேன். நொதிகலங்கள் வீட்டின் மறுபக்க அறையில் இருக்கின்றன. காற்றில் நிறைந்த தானியத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது என்பது ஆலைகளில் பல உயிர்களைக் குடித்த உண்மை. ஐந்து கிலோவில் அந்த ஆபத்து சிறிது என்றாலும் மூடிய அறையில் உடைப்பதில்லை.

டிரில்லை விலக்கி மோட்டார் பொருத்தும் வேலை அடுத்தது. இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் சுமையோடு ஏறத்தாழ 1425 சுற்று ஓடும். மோட்டாரில் இரண்டு அங்குலக் கப்பியும் மில்லில் பதினான்கு அங்குலக் கப்பியும் வைத்தால் உருளைக்கு 200 சுற்று கிடைக்கிறது. அரைக் குதிரைத்திறன் போதுமானது. தூசி உள்ளே போகாதபடி முழுதும் மூடிய உடல் கொண்ட மோட்டாரையே தேடுகிறேன், பெல்ட்டுக்குத் தகட்டு உறை கட்டாயம், விரல் நீளத்தில் எட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தானும் வேண்டும். கப்பிகள் வந்துவிட்டன, 10 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பெரிய கப்பியின் துளை அகலம் என்பதால், இடையில் போடும் உறைக்குழாயைக் கடைசல் பட்டறையில் செய்யக் கொடுத்திருக்கிறேன்.